சம்மதமில்லாமல் மனநல மையத்தில் சேர்க்கப்பட்டபோது எனக்குத் தெரியாமல் இருந்த சட்டம்

மனநோய் கண்ட ஒருவரை அவருடைய சம்மதமில்லாமல் மருத்துவமனையில் சேர்க்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அந்த இடம், நம் ஊர்ப்பக்கம் நினைத்துக்கொண்டிருப்பதைப்போல, வீட்டு ஆம்பிளை ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிற அளவுக்கு அகலமானதல்ல. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், யாரை, எதற்காக, யார் யார் பரிசோதித்த பிறகு, எத்தனை நாளைக்கு என்பதையெல்லாம் வரையறுத்து வைத்திருக்கிறது. அந்த வரையறைகளில் ஒன்றுகூடத் தெரியாமல் ஒரு மாதத்துக்கு மேல் பூட்டிய கூடத்துக்குள் இருந்துவிட்டு வந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தொடங்கும்போதே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு அப்போது உண்மையாகவே நோய் இருந்தது, மருத்துவம் தேவைப்பட்டது. நல்ல மனநிலையில் இருந்த பெண்ணைச் சொத்துக்காகப் பைத்தியம் என்று முத்திரை குத்திய கதையை எதிர்பார்ப்பவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. நோயாளிக்கும் உரிமை உண்டு என்பதுதான் நான் பேச வந்த விஷயம்.

காவேரிப்பட்டணத்துக்கு அருகில் அம்மாவுடன் இருக்கிறேன். மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில், எடை மேடைக்குப் பக்கத்து அறையில் கணக்கெழுதும் வேலை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாங்காய் சீசன் என்றால் என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரா ரக மாங்காய் லோடு ஏற்றிய வண்டிகள் இரவெல்லாம் வரிசையில் நிற்கும், எடைச்சீட்டு எழுதும் கைக்கு ஓய்வு இருக்காது. அப்பா இறந்து சில மாதங்களே ஆகியிருந்த அந்த சீசனில் எனக்குத் தூக்கம் போயிற்று. முதலில் போனதே தெரியவில்லை, ஏனென்றால் களைப்பும் இல்லை. மனம் அப்படி ஓடியது. நிறுத்தாமல் பேசினேன். நள்ளிரவில் மேலாளருக்குப் போன் போட்டுத் தொழிற்சாலையை விரிவாக்குவது எப்படி என்று விளக்கினேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் மாந்தோப்புக் குத்தகைக்கு முன்பணம் என்று நாற்பதாயிரம் ரூபாயைக் கொடுத்தேன். ஒரு நாள் சேலம் நெடுஞ்சாலையில் இறங்கி நின்று லாரிகளைக் கைகாட்டி நிறுத்தினேன். ஒரு லாரி என்னை உரசிக்கொண்டு போனது என்று அம்மா பிறகு சொன்னார்; எனக்கு அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது மட்டும்தான் நினைவிருக்கிறது. இதைப் பார்த்து அண்ணன் பயந்துபோனதில் எந்தத் தவறும் இல்லை.

ஓசூரில் வேலை செய்யும் அண்ணன், தெரிந்தவர் மூலமாக ஒரு தனியார் மனநல மையத்தின் எண்ணை வாங்கிப் பேசியிருக்கிறார். 'நீங்க எங்கேயும் அலைய வேண்டாம் சார், நாங்களே வண்டி அனுப்புறோம்' என்று சொல்லியிருக்கிறார்கள். இரவு வந்த வண்டியில் இரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் இருந்தார்கள். வாசலிலேயே என்னைப் பிடித்து ஊசி போட்டார்கள். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டி மெதுவானபோது ஒருமுறை கண் விழித்தது, பிறகு எதுவும் தெரியவில்லை. அந்த ஊசியைப் போட்டவர் மருத்துவர் அல்ல என்று பின்னால்தான் அறிந்தேன். அவசர மனநலச் சிகிச்சைக்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இருந்தால் எந்த இடத்திலும் சிகிச்சை தரலாம். ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் பதிவுபெற்ற மருத்துவர். நோயாளியின் பிரதிநிதி கிடைக்கக்கூடிய நிலையில் இருந்தால் அவருடைய சம்மதமும் வேண்டும். இந்த அவசரச் சிகிச்சைக்கு 72 மணி நேரம்தான் வரம்பு; அதற்குள் மனநல நிறுவனத்தில் பரிசோதித்துவிட்டால் அதோடு அந்த அவசர நிலை முடிந்துவிடும். வண்டி அனுப்புகிறோம் என்று யாராவது சொன்னால், உடன் வரும் மருத்துவரின் பெயரையும் பதிவு எண்ணையும் முதலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்கே எதிர்முனையில் குரல் மாறுவதைக் கவனிக்கலாம்.

மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, நாக்கு தடித்து எச்சில் வடிய உட்கார்ந்திருந்த என் முன்னால் ஓர் அட்டையில் செருகிய தாள்களை நீட்டினார்கள். பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். எதற்கு என்று கேட்டேன். 'சாப்பாட்டுக் கணக்குக்கும்மா' என்று பதில் வந்தது. ஆண்டுக்கணக்கில் எடைச்சீட்டில் ஒரே மாதிரிப் போட்டுப் பழகிய என் கையெழுத்து அன்று கோட்டுக்குக் கீழே வழிந்து போயிருந்தது. அந்தத் தாளின் நகலை இன்றைக்கும் வைத்திருக்கிறேன். அது சாப்பாட்டுக் கணக்கு அல்ல. 'நானே விரும்பி, விவரம் அறிந்து, சுயேச்சையான நோயாளியாகச் சேர்கிறேன்' என்ற விண்ணப்பம்.

இங்கே சட்டத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் விஷயத்தில் எல்லாமே இந்தத் தாளைச் சுற்றித்தான் நடந்தது. வயதுவந்த ஒருவர் மனநல நிறுவனத்தில் சேர வழக்கமான வழிகள் இரண்டு. 86ஆம் பிரிவின்படி அவரே விண்ணப்பித்துச் சேரலாம். அப்படிச் சேர்ந்தவர், போகிறேன் என்று கேட்டால் உடனே அனுப்பிவிட வேண்டும், வீட்டார் வந்து கையெழுத்திட வேண்டும் என்பதெல்லாம் கிடையாது. 88ஆம் பிரிவின்படி, நிலைமை ஆபத்தானது என்று மனநல வல்லுநர் கருதினால், மறுபரிசோதனைக்காக 24 மணி நேரம் மட்டும் நிறுத்தி வைக்கலாம். இரண்டாவது வழி 89ஆம் பிரிவு. இதில்தான் சம்மதமில்லாத சேர்க்கை வருகிறது. இதற்கு நோயாளியின் நியமனப் பிரதிநிதி, அதாவது தன் சார்பில் பேச அவர் எழுதி வைத்தவர், எழுதி வைக்காவிட்டால் உறவினர், விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மனநல வல்லுநரோ பொது மருத்துவரோ ஒருவரும், சேர்க்கும் அன்றோ அதற்கு முந்தைய ஏழு நாள்களுக்குள்ளோ, தனித்தனியாக நோயாளியைப் பரிசோதித்திருக்க வேண்டும். அவர் தனக்குத் தீங்கு செய்துகொள்ள அண்மையில் முயன்றார் அல்லது மிரட்டினார், பிறரிடம் வன்முறையாக நடந்தார் அல்லது அச்சத்தை உண்டாக்கினார், தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் ஆபத்தில் இருக்கிறார் என்ற மூன்றில் ஒன்றாவது இருப்பதாக இருவரும் முடிவுக்கு வர வேண்டும். இதைவிடக் கட்டுப்பாடு குறைந்த வேறு வழி இல்லை என்றும் இருக்க வேண்டும். இவ்வளவும் இருந்தாலும் 30 நாள்தான். அதைத் தாண்டினால் இரண்டு மனநல மருத்துவர்களின் பரிசோதனையும், இப்படிப்பட்ட சேர்க்கைகளைச் சரிபார்க்க இந்தச் சட்டம் வைத்திருக்கும் மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதியும் வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, 89இன் கீழ் சேர்த்த தகவலை நிறுவனம் அந்த வாரியத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்: பெண்ணாக இருந்தால் மூன்று நாளுக்குள், ஆணாக இருந்தால் ஏழு நாளுக்குள்.

லாரிகளை மறித்து நின்ற என்னை 89இன் கீழ் முறையாகவே சேர்த்திருக்கலாம். அதற்கான காரணம் இருந்தது, நானே மறுக்க மாட்டேன். ஆனால் அப்படிச் சேர்த்தால் இரண்டு பேர் பரிசோதிக்க வேண்டும், மூன்று நாளுக்குள் வாரியத்துக்கு எழுத வேண்டும், 30ஆம் நாள் பதில் சொல்ல வேண்டும். மயக்கத்தில் இருப்பவளிடம் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டால் இந்த வேலை எதுவும் இல்லை. வெளியே இருந்து ஒருவரும் எட்டிப் பார்க்காத வழி அது. காகிதத்தில் நான் விருந்தாளி. கூடத்தில் நான் கைதி.

உள்ளே அடிதடி எதுவும் நடக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோறு நேரத்துக்கு வந்தது. மாத்திரையைப் போட்டதும் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வார்கள். சாவிக்கொத்து ஆயாம்மாவின் இடுப்பில் முந்தானைக்குள் செருகியிருக்கும், அவர் குனிந்து நிமிரும்போதெல்லாம் கூடத்தில் இருந்த அத்தனை பேரின் கண்களும் அங்கே போகும். போனை முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டார்கள். என் துணிகளைக் கொடுக்காமல் எல்லாருக்கும் ஒரே நிறத்தில் நைட்டி கொடுத்தார்கள். பேன் வரும் என்று காரணம் சொல்லி, இடுப்புவரை இருந்த என் முடியைக் காதோடு வெட்டினார்கள். நோயைவிட, ஊசியைவிட, அன்றுதான் நான் அதிகம் அழுதேன். வீட்டுக்குப் பேச வேண்டும் என்றபோது, 'முதல் மாசம் பேசக் கூடாதும்மா, பேசினா மனசு கலையும்' என்றார்கள். அதை மருத்துவ விதி என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒரு விதி கிடையாது. தன் சொந்த உடையை உடுத்திக்கொள்ளும் உரிமை, வலுக்கட்டாயமாக மொட்டையடிக்கப்படாமல் இருக்கும் உரிமை, போனில் பேசவும் வருகிறவரைச் சந்திக்கவும் சந்திக்க மறுக்கவும் உரிமை, இவை அனைத்தும் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. சங்கிலியில் கட்டுவதை எந்தக் காரணத்தாலும் செய்யக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் தீயில் இறந்துபோன மாநிலத்தில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருப்பதே வருத்தமாக இருக்கிறது. மின்னதிர்வுச் சிகிச்சை தருவதானால் மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் தரக் கூடாது. எனக்கு அது தரப்படவில்லை, ஆனால் தருவார்களோ என்ற பயத்திலேயே பல இரவுகள் போயின.

மருந்து வேலை செய்தது. தூக்கம் திரும்பியது, பேச்சு நிதானத்துக்கு வந்தது, நாற்பதாயிரம் ரூபாயின் நினைவும் அப்போதுதான் வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. வாரத்துக்கு ஒருமுறை வரும் மனநல மருத்துவரே தேறிவிட்டதாகச் சொன்னார். போகலாமா என்று கேட்டால், 'சேர்த்தவங்க வந்து கையெழுத்துப் போடணும்' என்று மையத்தின் மேலாளர் சொல்வார். அண்ணனிடம் அவர் சொன்னது வேறு: மூன்று மாதம் இல்லாமல் கூட்டிப் போனால் திரும்ப வந்துவிடும், அப்புறம் நாங்கள் பொறுப்பில்லை. எனக்குப் பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் தேறி வெகுநாள் ஆகியும் வீட்டார் வராததால் அங்கேயே இருந்தார்; சமையலறையில் வெங்காயம் உரிப்பது அவர் வேலையாகிவிட்டிருந்தது. கூலி இல்லாமல் வேலை வாங்குவதும் சட்டப்படி குற்றம்தான் என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முதல் மாதம் முடிந்து அம்மா பார்க்க வந்தார். எள்ளுருண்டை கொண்டுவந்திருந்தார், ஆயாம்மா ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். என் தலையைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பேச்சே வரவில்லை. எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது, எங்கள் தொழிற்சாலையில் முன்பு ஒருமுறை நடந்த சட்ட விழிப்புணர்வு முகாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு என்று ஒன்று நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, பெண்களுக்குக் கட்டணம் கிடையாது என்று அன்று சொன்னார்கள். 'அம்மா, கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குப் போய் இலவச சட்ட உதவி எங்கேன்னு கேளு, அண்ணன்கிட்ட இப்ப சொல்லாதே' என்று காதோடு சொல்லி அனுப்பினேன். மனநோயாளிக்கு இலவச சட்ட உதவி உண்டு என்பது இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. அதை நோயாளிக்குத் தெரிவிப்பது காவல் அலுவலர், நீதித்துறை நடுவர், நிறுவனத்தின் பொறுப்பாளர் ஆகியோரின் கடமையும்கூட. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் பேசலாம்.

அங்கே இருந்த சட்டத் தன்னார்வலர் அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள் என்பது. அம்மாவுக்கு என்ன தெரியும்? அண்ணனிடமும் ஒரு தாளும் இல்லை, பணம் கட்டிய ரசீது மட்டும் இருந்தது. அவர்கள் மையத்துக்கு எழுதிச் சேர்க்கை ஆவணத்தைக் கேட்டார்கள். மையம் கொஞ்சமும் தயங்காமல், அந்தம்மா தானாக விரும்பிச் சேர்ந்தவர், எங்கள் மேல் தவறில்லை என்று என் கையெழுத்துள்ள தாளின் நகலையே அனுப்பிவைத்தது. அந்தத் தாள் உண்மையென்றால் நான் கேட்ட உடனே அனுப்ப வேண்டும். பொய்யென்றால் சேர்க்கையே செல்லாது. இரண்டில் எதைச் சொன்னாலும் என்னை வைத்திருக்க அவர்களுக்கு வழியில்லை. அடுத்த முறை அம்மா வந்தபோது ஒரு பக்கத்தில் எழுதிய விண்ணப்பத்தைக் கொண்டுவந்தார்: 86ஆம் பிரிவின் கீழ் சேர்ந்த நான் 88ஆம் பிரிவின்படி வீடு திரும்ப விரும்புகிறேன். தேதியோடு நேரத்தையும் குறிக்கச் சொல்லியிருந்தார்கள், ஏனென்றால் 24 மணி நேரம் என்பது அதிலிருந்துதான் ஓடத் தொடங்கும். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துத் தர மேலாளர் மறுத்தார். சட்டப் பணிகள் அலுவலகத்திலிருந்து ஒரு போன் வந்த பிறகு தந்தார். மறுநாள் முற்பகலில் நான் சேலம் பேருந்து நிலையத்தில் தருமபுரி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன்.

89இன் கீழ் சேர்க்கப்பட்டவராக இருந்தால் இந்த வழி உதவாது. அவர்கள் மனநல மறுஆய்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நோயாளியே செய்யலாம், பிரதிநிதி செய்யலாம், நோயாளியின் சம்மதத்தோடு பதிவுபெற்ற தொண்டு நிறுவனமும் செய்யலாம். கட்டணம் இல்லை. தவிர்க்க முடியாத நிலையில் வாய்மொழியாகவோ தொலைபேசியிலோ சொன்னதையும் வாரியம் ஏற்கலாம். 89ஆம் பிரிவுச் சேர்க்கையை எதிர்க்கும் விண்ணப்பத்தை ஏழு நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதே தெரியாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு இருக்கவே இருக்கிறது.

பணக் கணக்கைச் சொல்கிறேன். முன்பணம் முப்பதாயிரம், மாதம் பதினெட்டாயிரம், வண்டிக்கு ஒன்பதாயிரம், மருந்துக்கும் சோதனைக்கும் தனியாக. அண்ணன், அண்ணியின் வளையலை அடகு வைத்திருந்தார். எனக்கு அந்த சீசன் சம்பளம் போயிற்று. வேலையைத் திரும்பக் கொடுத்தார்கள், ஆனால் எடை மேடையில் இல்லை. தோப்புக் குத்தகைக்காரர் இன்றுவரை அகப்படவில்லை. இத்தனைக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. எனக்கு இப்போது மாத்திரை அங்கேதான், செலவு பேருந்துக் கட்டணம் மட்டும்.

அண்ணனோடு இதைப் பேச எனக்கு நாளாயிற்று. 'பாப்பா, நீ ரோட்டுல நின்னதை நீ பாக்கல, நான் பார்த்தேன்' என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டில் ஒருவர் கட்டுமீறிப் போகும்போது குடும்பத்துக்கு அந்த நேரத்தில் யாரிடம் போவது என்று தெரிவதில்லை. தெரிந்தவர் தரும் எண்தான் கைக்கு வருகிறது. அப்படிப்பட்டவர்களுக்குச் சொல்வது இது: முதலில் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் பேசுங்கள். அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அவராக வர மறுத்தால் உதவிக்குக் காவல்துறையைக் கேட்கலாம். ஆபத்தான நிலையில் ஒருவரைக் காவல் அலுவலர் தம் பொறுப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிறுவனத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கக் கூடாது. தனியார் மையத்துக்குத்தான் போவது என்று முடிவு செய்தால், மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். போதை மறுவாழ்வு மையம் என்ற பெயரில் நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும், ஏனென்றால் குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைக் கோளாறுகளையும் இந்தச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. எந்தப் பிரிவில் சேர்க்கிறீர்கள் என்று கேட்டு, நகலைக் கையில் வாங்காமல் திரும்பாதீர்கள்.

வெளியே வந்ததும் நான் செய்த முதல் வேலை நியமனப் பிரதிநிதியை எழுதி வைத்தது. வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைரேகையோ வைத்தால் போதும், முத்திரைத்தாள் வேண்டியதில்லை. எழுதி வைக்காவிட்டால் உறவினர், அவர் இல்லையென்றால் கவனித்துக்கொள்பவர் என்று சட்டமே வரிசைப்படி ஒருவரை வைத்துவிடும். அண்ணனை எழுதவில்லை, சின்னம்மா மகளை எழுதினேன். அண்ணனுக்கு அது வலித்தது, ஆனால் ஓசூரிலிருந்து வருவதற்குள் எதுவும் நடந்துவிடலாம் என்பதும் காரணம். கூடவே முன்கூட்டிய அறிவுறுத்தலும் எழுதினேன்: எந்த மருந்து எனக்கு ஒத்துவந்தது, எது நாக்கைத் தடிக்க வைத்தது, எந்த மருத்துவமனை, யாருக்குப் போன் செய்ய வேண்டும், முடியை வெட்டக் கூடாது. அவசரச் சிகிச்சையின்போது இது செல்லாது. மருத்துவர் ஏற்க முடியாது என்றால் வாரியத்திடம் போக வேண்டுமே தவிர, தானாக ஒதுக்கிவிட முடியாது.

மருத்துவ ஆவணங்களைப் பெறுவது நோயாளியின் உரிமை என்பதால் மையத்திடம் என் கோப்பைக் கேட்டு எழுதினேன். சில பக்கங்கள் வந்தன, வராத பக்கங்களுக்கு மறுபடி எழுதியிருக்கிறேன். கையெழுத்து வாங்கிய முறை பற்றி வாரியத்துக்குப் புகார் போயிருக்கிறது; சட்டத்தை மீறியவருக்கு முதல் முறை ஆறு மாதம்வரை சிறை அல்லது பத்தாயிரம்வரை அபராதம் அல்லது இரண்டும் என்று 108ஆம் பிரிவு சொல்கிறது. திருப்பித் தராத முன்பணத்துக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடத் தாள்களை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். ஐந்து லட்சம் வரையிலான மனுவுக்கு அங்கே கட்டணம் இல்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். அண்ணன் அடகுக்கடை ரசீதோடு மையத்தின் பண ரசீதுகளையும் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டார். வண்டிக்காக வாங்கிய ஒன்பதாயிரத்துக்கு மட்டும் ரசீதே தரவில்லை, அதற்கு அன்றைய கூகுள் பே பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.